பிக்காசோ வீட்டுக்குப் போன சீர்வரிசை

ரிச்சர்ட் ஜே. டேலிக்கு ஓவியம் தெரியாது. சிற்பமும் தெரியாது. சிகாகோவில் எந்த வார்டில் எத்தனை ஓட்டு விழும், யாருடைய மச்சானுக்கு எந்த இலாகாவில் வேலை போட்டுக்கொடுத்தால் அந்த ஓட்டு கூடும் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். 1955இல் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர், 1976 டிசம்பரில் இறக்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதரின் ஆட்சியில்தான், பிக்காசோ செய்த ஐம்பது அடி உயர இரும்புச் சிற்பம் ஊர் நடுவில் வந்து நின்றது. கலை தெரிந்த பத்துப் பேர் கொண்ட கமிட்டி இந்த வேலையை எடுத்திருந்தால், இன்று அங்கே ஒரு செயற்கை நீரூற்றும் நாலு குரோட்டன்ஸ் தொட்டியும்தான் இருந்திருக்கும் என்பது என் துணிபு.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிகாகோவுக்குப் புதிதாக ஒரு கோர்ட்டுக் கட்டடம் தேவைப்பட்டது. சிவிக் சென்டர் என்று பெயர். 31 மாடி, 648 அடி. 1965இல் கட்டி முடித்தபோது ஊரிலேயே அதுதான் உசத்தி. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட கோர்ட் அறைகள், அரசாங்க அலுவலகங்கள். சி.எஃப். மர்ஃபி, ஸ்கிட்மோர் ஓயிங்ஸ் அண்ட் மெரில், லோபல் ஷ்லாஸ்மன் அண்ட் பென்னட் என்று மூன்று ஆர்க்கிடெக்ட் நிறுவனங்கள் சேர்ந்து கட்டின. மூன்று ஆர்க்கிடெக்டுகள் ஒரே கட்டடத்தைச் சண்டையில்லாமல் கட்டி முடித்ததற்கே அங்கே ஒரு சிலை வைத்திருக்கலாம்.

கட்டடத்துக்கு வெளியே போர்த்திய எஃகு, கார்-டென் வகை. அதன் குணம் என்னவென்றால், மழையிலும் வெயிலிலும் மேலாகத் துருப்பிடிக்கும். பிடித்த துருவே கெட்டியான தோலாகி உள்ளே உள்ள எஃகைக் காப்பாற்றும். பெயின்ட் செலவு மிச்சம். ஆனால் இதை வரி கட்டுகிறவனுக்கு விளக்குவது எப்படி? கோடிக்கணக்கில் கொட்டி எழுப்பிய கட்டடம் முதல் மழைக்கே துருப்பிடிக்கிறது, அதிகாரிகளோ “அப்படித்தான் பிடிக்கணும்” என்கிறார்கள். நம் ஊர் கான்ட்ராக்டர்கள் காதில் விழாமல் இருக்க வேண்டிய விளக்கம்.

கட்டடத்துக்கு முன்னால் பெரிய மைதானமாக வெற்றிடம் ஒன்றை விட்டிருந்தார்கள். பிளாசா. ஊர் நடுவில் காலி இடம் கிடந்தால் அரசியல்வாதிக்குத் தூக்கம் வராது. அங்கே யாரையாவது நிறுத்தியாக வேண்டும். வழக்கமாக அமெரிக்காவில் நிறுத்தப்படுகிறவர்கள் இரண்டு ரகம்: குதிரை மேல் இருக்கும் தளபதி, இல்லாவிட்டால் ஆபிரகாம் லிங்கன். சிகாகோவில் இரண்டு ரகமும் ஏற்கெனவே ஸ்டாக் இருந்தது. அதிலும் லிங்கனுக்கு லிங்கன் பார்க்கில் நின்ற கோலம், கிரான்ட் பார்க்கில் இருந்த கோலம், இரண்டும் செயின்ட் கோடன்ஸ் என்ற ஒரே சிற்பியின் கைவண்ணம். கிடந்த கோலம் ஒன்றுதான் பாக்கி.

ஸ்கிட்மோர் நிறுவனத்தின் பங்குதாரர் வில்லியம் ஹார்ட்மன் என்பவருக்கு அங்கே பிக்காசோவின் சிற்பத்தை வைக்க வேண்டும் என்று தோன்றியது. மற்ற ஆர்க்கிடெக்டுகளும் தலையாட்டினார்கள். ஆனால் டேலி தலையாட்டாமல் சிகாகோவில் ஒரு தெருவிளக்குகூட எரியாது. கட்டடத்தைக் கட்டும் பொதுக் கட்டட ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர்.

பிக்காசோ யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1944இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கார்டைத் திருப்பிக் கொடுக்காதவர். உலக சமாதான இயக்கத்துக்குப் புறா வரைந்து கொடுத்தவர். 1950இல் அமெரிக்கா வர விசா கேட்டபோது முடியாது என்று அனுப்பப்பட்டவர். 1962இல் மாஸ்கோ அவருக்கு லெனின் சமாதானப் பரிசு கொடுத்தது. அதற்கு மறு வருஷம், பனிப்போர் உச்சத்தில், அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் பெரிய தாதாவிடம் போய் “கோர்ட் வாசலில் வைக்க இவரிடம் ஒரு சிற்பம் கேட்கலாமா?” என்று நிற்கிறார்கள்.

டேலி விசாரித்தது ஒரே ஒரு விஷயம்தான்: இந்தத் தொழிலில் ஆள் முதல் நம்பரா? ஆமாம் என்றார்கள். நீங்கள் எல்லாம் அவர்தான் பெரிய ஆள் என்று நினைத்தால் சிகாகோவுக்கு அவரே இருக்கட்டும், ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கட்சி பற்றிய பேச்சே இல்லை. மாதிரி வரைபடம் கொண்டுவா, டெண்டர் விடு, நிபுணர் குழு போடு என்ற பேச்சும் இல்லை. கலை வரலாற்றில் புரவலர்கள் பேசிய வசனங்களில் எனக்குப் பிடித்தது இது. தனக்குத் தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளும் மேயர் எந்த நூற்றாண்டிலும் கிடைப்பது அபூர்வம்.

உத்தரவு கிடைத்தது. ஆனால் பிக்காசோவிடம் யார் போய்க் கேட்பது? அப்போது அவருக்கு 81 வயது. தெற்கு பிரான்சில் மூழான் என்ற ஊரில், ஒரு பெரிய வீட்டில், மனைவி ஜாக்குலினோடும் வேட்டைநாயோடும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குச் சிலை வேண்டும், சுவருக்குப் படம் வேண்டும் என்று வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. பென்னட் என்ற ஆர்க்கிடெக்ட், அழைப்புக் கடிதத்தைக் கவிதையாகவே எழுதினார். கட்டட எஞ்சினியர்கள் கவிதையில் இறங்கினால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். பிக்காசோவின் சிநேகிதரும், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான ஆங்கிலேயர் ரோலண்ட் பென்ரோஸைப் பிடித்து, அறிமுகத்துக்கு வழி பண்ணிக்கொண்டார்கள்.

1963இல் ஹார்ட்மன் மூழானுக்குப் போனார். முதல் தடவையோடு முடியவில்லை. திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. பெண் கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஹார்ட்மனும் தட்டு தட்டாகச் சீர் கொண்டுபோனார். தட்டில் இருந்தவை: சூ பழங்குடித் தலைவர்கள் அணியும் இறகுக் கிரீடம். சிகாகோ பேர்ஸ் அணியின் ஃபுட்பால் ஹெல்மெட். தீயணைப்புக்காரர் தொப்பி. ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் கோட்டு.

இந்தக் கடைசி ஐட்டத்தைக் கவனிக்க வேண்டும். சிகாகோவில் பேஸ்பால் அணிகள் இரண்டு. ஊரின் வடக்கே கப்ஸ், தெற்கே ஒயிட் சாக்ஸ். இரண்டுக்கும் ஆகாது, ஒரே வீட்டில் இரண்டு அணி ரசிகர்கள் இருந்தால் சாப்பாட்டு மேஜையில் பேச்சு குறையும். டேலி தெற்குச் சிகாகோவின் பிரிட்ஜ்போர்ட் பேட்டையில் பிறந்து வளர்ந்து, மேயரான பிறகும் அங்கேயே குடியிருந்தவர். பரம்பரை ஒயிட் சாக்ஸ் ரசிகர். பிக்காசோவுக்கு எந்த அணியின் கோட்டு போக வேண்டும் என்பதில் ஊருக்கு ஒரு சந்தேகமும் இருந்திருக்காது. பாவம் கிழவருக்கு பேஸ்பால் என்றால் எத்தனை ஓவர் என்பதுகூடத் தெரியாது.

சீரோடு ஒரு கட்டுப் புகைப்படங்களும் போயின. கட்டடத்தின் மாதிரி, ஊரின் காட்சிகள், சிகாகோ மண்ணின் மைந்தர்கள். அதில் எழுத்தாளர் ஹெமிங்வே படம் வந்ததும் பிக்காசோ துள்ளினார். இவர் என் சிநேகிதராயிற்றே, காளைச் சண்டை பற்றி இவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது, இவர் சிகாகோக்காரரா என்று கேட்டாராம். உண்மையில் ஹெமிங்வே பிறந்தது சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில். சம்பந்தம் பேசும் நேரத்தில் முனிசிபல் எல்லையையா பார்ப்பார்கள்!

அவரை மசிய வைத்தது வேறு சங்கதி. அதே சமயத்தில் மார்செய் நகரத்துக்கும் ஒரு வேலை பேசிக்கொண்டிருந்தாராம். பொதுவாக இந்த மாதிரி வேலைகளை நான் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் உலகத்தின் இரண்டு பெரிய ரவுடி ஊர்களும் என்னைக் கேட்டு வந்திருக்கின்றனவே என்று கிழவர் பூரித்துப்போனதாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சிகாகோ என்றதும் விவேகானந்தர் 1893இல் சர்வமத சபையில் பேசியது நினைவுக்கு வரும். ராமநாதபுரம் சேதுபதி அவரை அனுப்பிவைக்க முனைந்த கதையும் கூடவே வரும். பிக்காசோவுக்கு ஞாபகம் வந்தது சிகாகோவின் பழைய தாதா அல் கபோன். சிகாகோ பிரமுகர்கள் பல வருஷமாக அழித்துத் துடைக்கப் பாடுபட்ட அவப்பெயர்தான் அவர்களுக்குச் சிற்பத்தை வாங்கிக் கொடுத்தது என்று நினைத்தால் எனக்கு ஒரு குரூர சந்தோஷம்.

மசிந்தாலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தம் கிடையாது, தேதி கிடையாது. ‘பார்க்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கட்டடம் ஒருபக்கம் வளர்ந்து முடிந்தே போயிற்று. ஹார்ட்மன் மட்டும் அட்லான்டிக்கைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தார். கடைசியில் 1965 வாக்கில் மாதிரி உருவம் தயாரானது. மூன்றரை அடி உயரம். இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, கம்பிகளைக் கோத்துப் பற்றவைத்த ஒன்று. நடுவில் நீளமாக ஒரு முகம். மேலே நெருங்கி நெருங்கி இரண்டு கண். இரண்டு பக்கமும் இறக்கையா கூந்தலா காதா என்று சொல்ல முடியாத விரிப்பு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் கம்பிகள். இது என்ன என்று ஹார்ட்மன் கேட்டாரா, தெரியாது. பிக்காசோ சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம். பெயரும் வைக்கவில்லை.

கூலி பேச வேண்டிய கட்டம் வந்தது. 1966இல் ஹார்ட்மன் லட்சம் டாலருக்குக் காசோலையை எடுத்து நீட்டினார். பிக்காசோ வாங்கிக்கொள்ளவில்லை. சும்மாவே தருகிறேன் என்றார். அந்த ஆகஸ்ட் மாதம் தானப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார்: சிற்பமும், அதை மறுபடி உருவாக்கும் உரிமையும் பொதுக் கட்டட ஆணையத்துக்கு, மாதிரி ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்துக்கு, அவர்கள் வழியாக எல்லாம் சிகாகோ மக்களுக்குச் சொந்தமாகட்டும். கம்யூனிஸ்ட் இனாமாகக் கொடுக்கிறார். முதலாளித்துவ நாடு கையில் செக்கை வைத்துக்கொண்டு விழிக்கிறது.

சும்மா கிடைத்த யானைக்கு அங்குசம் வாங்குகிற செலவுதான் பெரிது. மூன்றரை அடியை ஐம்பது அடியாக்க வேண்டும். மேஜை மேல் விறைப்பாக நிற்கும் தகடு, ஐம்பது அடியில் சிகாகோ காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். எஞ்சினியர்கள் முதலில் பன்னிரண்டு அடியில் மரத்தால் ஒன்று செய்து பார்த்து, படம் எடுத்து, பிக்காசோவிடம் காட்டிச் சம்மதம் வாங்கினார்கள். பிறகு பக்கத்து மாநிலமான இண்டியானாவில், கேரி நகரத்தில், யு.எஸ். ஸ்டீலின் அமெரிக்கன் பிரிட்ஜ் பிரிவிடம் வேலை போனது. பெயரைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் பாலம் கட்டுகிறவர்கள். இத்தனை வருஷம் அவர்கள் செய்ததற்கெல்லாம் ஒரு பக்கத்தில் சாலை வந்து ஏறும், மறுபக்கத்தில் இறங்கும். இதில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கட்டடத்துக்குப் போட்ட அதே கார்-டென் எஃகு. தொழிற்சாலையிலேயே ஒருமுறை முழுசாகப் பூட்டிப் பார்த்து, பிரித்து, லாரியில் ஏற்றி சிகாகோவுக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். எடை 162 டன். மொத்தச் செலவு 3,51,959 டாலர் 17 சென்ட். மூன்று அறக்கட்டளைகள் பெரும்பகுதியைக் கொடுத்தன, வரிப்பணம் தப்பியது. அந்தப் பதினேழு சென்ட்டைத் தள்ளுபடி கேட்காமல் கணக்கில் வைத்த குமாஸ்தாவுக்கு என் வணக்கம்.

மாதிரி உருவத்தின் படம் பத்திரிகைகளில் வந்ததுமே ஊர் இரண்டுபட்டது. இரண்டுபட்டது என்பதுகூட மிகை. ஆதரித்த பக்கத்தில் ஆள் குறைச்சல். குரங்கு என்றார்கள். நாய் என்றார்கள். செத்த பறவை, ராட்சதப் பூச்சி. நகர மன்றத்தில் இருந்த சொற்பக் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஜான் ஹோலன் என்ற ஆல்டர்மன் ஒருவர். இதைப் பேக் பண்ணிப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் எர்னி பேங்க்ஸ் சிலையை வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எர்னி பேங்க்ஸ் ஊரே கொண்டாடிய பேஸ்பால் வீரர், நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவர் கப்ஸ் ஆள்! ஒயிட் சாக்ஸ் மேயரின் பிளாசாவில் கப்ஸ் வீரர். ஹோலனுக்குக் கலை பற்றி எவ்வளவு தெரியுமோ, டேலியை எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று நன்றாகத் தெரியும். டேலியின் ஆட்கள் நிரம்பி வழிந்த மன்றத்தில் அந்தத் தீர்மானம் என்ன கதி அடைந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1975இல் ஹோலன் டேலியை எதிர்த்து மேயர் பதவிக்கே நின்றார். மேயர் தேர்தலிலும் தோற்றார், அதே வருஷம் ஆல்டர்மன் பதவியையும் பறிகொடுத்தார். எர்னி பேங்க்ஸுக்குச் சிலை 2008இல் கப்ஸ் மைதானத்து வாசலில்தான் வந்தது. அதன் பீடத்தில் அவருடைய புகழ்பெற்ற வாசகத்தைப் பொறித்தபோது ஓர் அபாஸ்டிரஃபி குறியை விட்டுவிட்டு, அப்புறம் வந்து செதுக்கிச் சேர்த்தார்கள். புரிகிற சிலை என்றால் இப்படித்தான், பிழை உடனே கண்ணில் படும். பிக்காசோவினுடையதில் ஒரு தகட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

1967 ஆகஸ்ட் 15 அன்று திறப்பு விழா. இங்கே சுதந்திரம் கிடைத்து இருபது வருஷம் என்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நாள். அங்கே பிளாசாவில் பல்லாயிரம் பேர். சிம்பனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. கறுப்பர்களில் முதன்முதலாகப் புலிட்சர் பரிசு வாங்கியவரும் சிகாகோவின் சொந்தக் கவிஞருமான க்வென்டலின் புரூக்ஸ், இதற்கென்று எழுதிய கவிதையைப் படித்தார். பாராட்டுப் பத்திரம் எதிர்பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கலை என்றாலே சாதாரண மனிதனுக்கு ஏற்படும் அசௌகரியத்தைப் பற்றித்தான் அவர் எழுதியிருந்தார். டேலியும் பேசினார். இன்று நமக்கு விசித்திரமாகத் தெரிவது நாளை பழகிவிடும் என்பது அவர் பேச்சின் சாரம். அரசியல்வாதி மேடையில் சொன்னது அப்படியே பலித்த உதாரணங்கள் கைவிரலுக்குள் அடங்கும். இது அதில் ஒன்று.

பிறகு கயிற்றை இழுத்தார். நீலத் துணி சரிந்து விழுந்தது.

அடுத்த நாள் டெய்லி நியூஸில் மைக் ராய்க்கோ எழுதிய பத்தி, சிகாகோ பத்திரிகை வரலாற்றில் பெயர்போனது. ஆளுங்கட்சியைக் கடித்துக் குதறியே பிழைப்பு நடத்திய மனுஷர் அவர். பின்னால் டேலியைப் பற்றி முழுப் புத்தகமே போட்டார். துணி விழுந்தவுடன் கூட்டம் கைதட்ட மறந்து வாயடைத்து நின்றதை அனுபவித்து எழுதினார். ஒரு பெரிய பூச்சி, தன்னைவிடச் சின்னப் பூச்சியைத் தின்னக் காத்திருப்பதைப் போல இருக்கிறது என்றார். அங்கேதான் பத்தியைத் திருப்பினார். இந்த முகத்தில் இரக்கமில்லை, இந்தக் கண்களில் சேரிக் குடிசைகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவனின் பேராசை இருக்கிறது, ஆகவே பிக்காசோ சிகாகோவை அச்சு அசலாகப் பிடித்துவிட்டார் என்று முடிச்சுப் போட்டார். சிகாகோவில் காலடி வைக்காத ஒருவர் செய்த சிற்பத்துக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் படித்ததில்லை. அருங்காட்சியகக் கனவான்கள் எழுதிய விளக்கங்கள் எல்லாம் இதற்குப் பக்கத்தில் உப்புச்சப்பில்லாதவை.

அது சரி, உருவம்தான் என்ன? சிலர் ஜாக்குலின் முகம் என்கிறார்கள். பிக்காசோவிடம் கபூல் என்று ஓர் ஆஃப்கன் வேட்டைநாய் இருந்தது. நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் தொங்கும் ரோமக் காது. அந்த நாயின் படத்தையும் சிற்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாய்க் கட்சியில் சேராமல் இருப்பது கஷ்டம். 1954இல் அவருக்கு மாடலாக உட்கார்ந்த சில்வெத் டேவிட் என்ற குதிரைவால் கொண்டைப் பெண்தான் என்று பிக்காசோவின் பேரன் 2004இல் ஒரு போடு போட்டார். மனைவி, நாய், பழைய மாடல். கிழவர் 1973இல் கண்ணை மூடும் வரை வாயைத் திறக்காததன் காரணம் இப்போது புரிகிறதா? மூன்றில் எதைச் சொன்னாலும் வீட்டில் சோறு கிடைத்திருக்காது.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சிற்பம் மக்களுக்குச் சொந்தம் என்று பிக்காசோ எழுதிக் கொடுத்தார் அல்லவா? மக்களின் சார்பில் அதை வாங்கிக்கொண்ட ஆணையம், ‘காப்புரிமை 1967, சிகாகோ பொதுக் கட்டட ஆணையம்’ என்று பீடத்தில் பொறித்துவைத்தது. யாராவது அதன் உருவத்தை வைத்து வியாபாரம் பண்ண வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும். இனாமாக வந்ததற்கு வாடகை! வில்லியம் காப்ளி என்ற ஓவியர் நடத்திய சின்னப் பதிப்பகம் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி தன் பங்குக்கு பிக்காசோவின் மாதிரியைத் துணியில் செய்தார். 162 டன் எஃகின் கம்பீரம் தொளதொளவென்று மடங்கித் தொங்கும் ஒரு படைப்பு.

வழக்கில் ஆணையத்தின் காலை வாரிவிட்டது அதன் சொந்த விளம்பர இலாகா. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, காப்புரிமை வேண்டுமானால் முதல் வெளியீட்டிலேயே அதற்குரிய அறிவிப்பு இருக்க வேண்டும். ஆணையமோ 1966இல் ஊரை மயக்கும் அவசரத்தில், மாதிரி உருவத்தை ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் காட்சிக்கு வைத்து, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் படங்களைக் கட்டுக்கட்டாக வாரி வழங்கியிருந்தது. எதிலும் அறிவிப்பு கிடையாது. சிற்பத்தின் காலடியில் பிற்பாடு செதுக்கிய எழுத்து செல்லாது, ஏனென்றால் சிற்பம் மாதிரியின் நகல்தான், மாதிரி ஏற்கெனவே பொதுச்சொத்தாகிவிட்டது என்று 1970இல் தீர்ப்பு வந்தது. ஆக, பிக்காசோவின் ஆசையை நிறைவேற்றியது ஆணையத்தின் கவனக்குறைவு. அந்த மாதிரி உருவம் இப்போதும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. விவேகானந்தர் பேசிய சர்வமத சபை நடந்ததும் அந்தக் கட்டடத்தில்தான்.

இதற்கு நடுவே 1968 ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, யிப்பி என்ற குறும்புக்கார எதிர்ப்புக் கோஷ்டி பிளாசாவுக்கு ஒரு பன்றியைக் கொண்டுவந்து, பிக்காசஸ் என்று பேர் சூட்டி, அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்தது. பெயர் பிக்காசோவிலிருந்து வந்ததில்லை. கிரேக்கத்துப் பறக்கும் குதிரையின் பெயரைப் பன்றிக்கு ஏற்ப வளைத்தது. அப்படியும் சிற்பத்தின் முன்னால் நின்று கூப்பிட்டபோது குழப்பமாகத்தான் இருந்திருக்கும். டேலியின் போலீஸ் ஏழு பேரைக் கைது செய்தது, வேட்பாளரையும் சேர்த்து அள்ளிப்போனது. பாடகர் ஃபில் ஓக்ஸும் அந்த ஏழு பேரில் ஒருவர். சிற்பத்தைச் சகித்துக்கொண்ட மேயருக்குப் பன்றியைச் சகிக்க முடியவில்லை. அந்த வாரம் சிகாகோ தெருக்களில் போலீஸ் நடத்திய தடியடியை டி.வி.யில் நாடே பார்த்தது. ராய்க்கோ அந்தக் கண்களில் பார்த்த இரக்கமின்மை வெறும் பத்தி எழுத்தாளரின் கற்பனையில்லை.

பிக்காசோ வந்த பிறகு சிகாகோவுக்குச் சிற்ப ருசி தட்டிவிட்டது. 1974இல் கால்டர், ஷகால் என்று வரிசை கட்டியது. பிக்காசோவோடு சேர்த்தே பேசி, பணமில்லை என்று கிடப்பில் போட்ட மீரோவின் சிற்பம், தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் 1981இல் ஒருவழியாகத் திறக்கப்பட்டது. சில நாளில் ஓர் ஓவிய மாணவன் சிவப்புப் பெயின்ட்டை அதன் மேல் கொட்டினான். நடுவில் 1978இல், புதிதாகக் கட்டும் நகராட்சிக் கட்டடச் செலவில் குறிப்பிட்ட சதவீதம் கலைக்கு என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் சதவீதம் வந்தால் கமிட்டி வரும், கமிட்டி வந்தால் யாருக்கும் கோபம் வராத மாதிரிப் பார்த்துப் பொறுக்குவார்கள். இறகுக் கிரீடத்தைச் சுமந்துகொண்டு கடல் தாண்டுகிற ஹார்ட்மன்களுக்கு அதில் வேலையில்லை.

டேலி போன பிறகு கட்டடத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள். பிக்காசோவின் சாய்வான பீடத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பிளாசாவில் சந்தை கூடுகிறது. 1980இல் வந்த ‘ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்தில் போலீஸ் துரத்தும் கார் அந்தப் பிளாசாவுக்குள் புகுந்து, கட்டடத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும். குரங்கு என்றும் பூச்சி என்றும் வைத ஊர், இப்போது வெளியூர்க்காரனுக்கு அடையாளம் சொல்லும்போது ‘பிக்காசோ பக்கத்தில்’ என்கிறது.

நீங்கள் சிகாகோ போனால் அதைத் தாராளமாகப் படம் எடுங்கள், போஸ்ட் கார்டு போடுங்கள், டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றாலும் ராயல்டி கேட்க ஆளில்லை. 1970 தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. டி-ஷர்ட்டில் என்ன பெயர் போடுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதிகாரபூர்வமாக இன்று வரை அதற்குப் பெயர் கிடையாது.